அரிது என்னும் சொல்

அரிது என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. சிறுபான்மையாய்க் காணப்படுவதும் அரிது. செய்தற்குக் கடினமானதும் அரிது. மாதர் கருப்பைத் தசையில் எழும் லியோமயோஸார்கோமா என்னும் புற்றுநோய்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும். சிலர்க்கே வருவது, வந்தவிடத்தும் அறிதற்கரியது. வைத்திய உலகம் முதற் பொருளைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை நெடுங்காலம் மறந்திருந்தது என்பதே என் குறை.

கருப்பையில் நார்க்கட்டிகள் தோன்றுதல் மிகச் சாதாரணம். ஐம்பது வயதிற்குள் மாதரிற் பெரும்பாலார்க்கு அவை உண்டாகின்றன; பலர் அதனை அறிவதேயில்லை. அவை புற்றல்ல. ஆயின் அதே தசையினின்று, ஏறக்குறைய அதே உருவில், இக்கொடிய புற்றும் எழுகின்றது. கோதுமையினூடே விதைக்கப்பட்ட களைகளைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையில், கதிர் விட்ட பின்னரன்றோ வேறுபாடு தெரிந்தது! இங்கும் அவ்வாறே. ஒலியலைப் படம் இரண்டையும் தெளிவாய்ப் பிரித்துக் காட்டாது. காந்தப் படம் ஐயத்தை எழுப்பும்; முடிவு கூறாது. கருப்பையின் உட்படலத்தைச் சுரண்டி ஆராயினும், தசையினுள் ஆழ்ந்திருக்கும் புற்று அகப்படாது போகலாம். பெரும்பாலும், கட்டியை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் கண்ட பின்னரே உண்மை வெளியாகும்.

ஆதலின் எடுக்கும் விதமே தலையாயதாகின்றது. சிறு துளை வழியே ஒரு கருவியைச் செலுத்திச் சுழலும் கத்தியாற் கட்டியை நறுக்கி வெளியேற்றும் முறை ஒன்று பரவிற்று. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏமி ரீட் என்னும் மயக்க மருந்து வைத்தியர், ஆறு மக்களின் தாய், நார்க்கட்டியென நம்பி இம்முறைக்கு உடன்பட்டார். உள்ளிருந்ததோ புற்று. நறுக்கியதனால் அது வயிற்றினுட் சிதறிற்று. அவரும், இருதய இரண வைத்தியராகிய அவர் கணவரும் இம்முறையை எதிர்த்து வழக்காடியதுபோல் ஊரெங்கும் முழங்கினர். 2014-இல் அந்நாட்டு உணவு மருந்து ஆணையம், நார்க்கட்டிக்காக இரண சிகிச்சை பெறும் மாதரில் ஏறக்குறைய 350 பேரில் ஒருவர்க்கு ஸார்கோமா மறைந்திருக்கக் கூடுமெனக் கணக்கிட்டு எச்சரித்தது. அக்கணக்கை மிகையென்பாரும் உளர். ரீட் அம்மையார் 2017-இற் காலமானார்.

சிறு துளை முறையால் நோவு குறையும், விரைவில் வீடு திரும்பலாம் என்பர். மெய்யே. பெருங் கீறலுக்கும் அதற்குரிய ஆபத்துக்கள் உண்டு. ஆதலின் கருவியை யான் வெறுக்கவில்லை. “அரிது, அஞ்ச வேண்டா” என்று கூறி ஒப்பம் வாங்குவதையே வெறுக்கின்றேன். அஞ்சுவதும் அஞ்சாமையும் அப்பெண் தீர்மானிக்க வேண்டியவை. அதற்கு வேண்டும் கணக்கு அவள் கையில் இருத்தல் வேண்டும். மாதவிடாய் நின்ற பின்னும் வளருங் கட்டியையோ நறுக்கவே கூடாது. முழுதாய் எடுத்தல் வேண்டும்.

பரவிய பின் செய்யத்தக்கது சிறிதே. டாக்ஸோரூபிஸின் மருந்தோடு டிராபெக்டெடின் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு ஆராய்ச்சியொன்றின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 24 திங்களினின்று 33 திங்களாய் உயர்ந்ததாம். ஒன்பது திங்கள்! சிறு மக்களையுடைய தாய்க்கு அது சிறிதன்று. எனினும் அம்மருந்தும் நோயின் பெயர் சரியாய்த் தெரிந்தாற்றான் பயன்படும். ஒரு சாதாரண மருத்துவசாலையின் ஆய்வாளர் இந்நோயைப் பல ஆண்டுகளில் ஓரிரு முறையே காண்பார். ஐயமுள்ள ஒவ்வொரு சில்லையும் இந்நோயிற் பழகிய மற்றொருவர் கண்ணுக்கு அனுப்புதல் அவர்க்கு இழுக்கன்று.