ஏட்டிலே குறைந்தது, நாட்டிலே குறைந்ததா?

சட்டமன்றத்திலே அமைச்சர் எழுகிறார். கையிலே பட்டியல், முகத்திலே பெருமிதம். சென்ற ஆண்டைவிடக் குற்றங்கள் குறைந்துவிட்டன என்கிறார். மேசைகள் தட்டப்படுகின்றன.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! குறைந்தது குற்றமா, குற்றத்தைப் பதியும் வழக்கமா?

நகையைப் பறிகொடுத்த தாய் போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறாள். நாளை வா என்கின்றனர். மறுநாள் சென்றால், இது எங்கள் எல்லையில்லை என்கின்றனர். மூன்றாம் நாள், முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது! அந்த ரசீது குற்றக் கணக்கிலே ஏறாது. அவள் இழந்தது மெய். ஏட்டைப் பொறுத்தமட்டில் எதுவும் நடக்கவில்லை!

இன்ஸ்பெக்டர் ஏன் இவ்விதம் செய்கிறார்? நெஞ்சிலே ஈரமில்லாதவர் என்பதாலா? வழக்கு கூடினால் மேலதிகாரி சீறுகிறார், குறைந்தால் பாராட்டுகிறார். கதவை அடைக்கும்படி அவரைத் தூண்டுவதே அந்த அளவுகோல்தான்.

பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றம் பற்றித் தகவல் வந்தால், சிலவகை வழக்குகள் நீங்கலாக, உடனே பதிவு செய்தே தீரவேண்டும் என 2013-ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பதிவு பெருகுவது வேறு, குற்றம் பெருகுவது வேறு என்று, கணக்கைத் தொகுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே எச்சரித்திருக்கிறது. ஆயினும் ஆட்சியாளர் எண்ணிக்கையைக் காட்டியே மார்தட்டுகின்றனர்!

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-இல் போலீஸ் மேற்பார்வை அமைப்பு ஏடுகளைப் புரட்டிற்று. மக்கள் முறையிட்ட குற்றங்களில் நூற்றுக்கு 19 பதிவாகவேயில்லை. பாலியல் குற்றங்களில் 26! அவ்வாண்டு ஜனவரியில், போலீஸ் குற்றப் பதிவுக் கணக்குக்கு இருந்த தேசியப் புள்ளிவிவரம் என்னும் தகுதி பறிக்கப்பட்டது. ஆனால் அங்கே, குடும்பங்களையே நேரில் கேட்டறியும் கணக்கெடுப்பு 1982 முதல் உண்டு. போலீசின் ஏட்டை ஒப்பிட்டுப் பார்க்க மக்களின் சாட்சி இருக்கிறது.

எல்லாவற்றையும் பதிந்தால் பொய்ப் பிராது பெருகுமே என்பர் சிலர். பொய்யென்றால் விசாரித்து முடித்துவைக்கச் சட்டத்திலே வழியுண்டு; பொய்யுரைத்தவரைத் தண்டிக்கவும் பிரிவுண்டு. விசாரிக்காமலே பொய்யென்று தள்ளத்தான் யாருக்கும் உரிமையில்லை.

அளக்கவேண்டாம் என்று நாம் கூறவில்லை. நேர்மையாக அளந்திடுக என்கிறோம். பிராது கொடுத்தோரில் எத்தனை பேருக்கு அறிக்கையின் நகல் கிடைத்தது? எத்தனை நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று? எத்தனை வழக்குகள் கோர்ட்டிலே நிலைத்தன? கொட்டடியிலே எத்தனை பேர் காயமுற்றனர், மாண்டனர்? இவற்றை நிலையந்தோறும் வெளியிடுக! ஏடுகளைப் போலீஸ் இலாகாவுக்கு வெளியே உள்ளவர் தணிக்கை செய்க! வீடுதோறும் சென்று மக்களைக் கேட்டிடுக!

அடுத்த முறை அந்தப் பட்டியல் படிக்கப்படும்போது, ஒரே கேள்வியை எழுப்புங்கள்: திருப்பியனுப்பப்பட்ட அந்தத் தாய் இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்? அதற்கு விடை வரும்வரை மேசை தட்டலை அவர்கள் நிறுத்திவைக்கட்டும்!