இவருக்குப் பதில் இவர்: முகம் மாறும், வீடு மாறாது

நேற்றுவரை கதாநாயகியாக இருந்தவர் இன்று இல்லை. திரையில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி வருகிறது. புருஷன் புதியவரைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். மாமியார் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்குகிறார். இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மூன்றாம் நாள் நாமும் பழகிவிடுகிறோம்.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தார். பிறகு காவ்யா அறிவுமணி வந்தார், அவருக்குப் பின் லாவண்யா. ஒரே முல்லைக்கு மூன்று முகங்கள். 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனாக வீட்டுப் பெண்களை 'இந்தாம்மா ஏய்' என்று அதட்டிய மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அவரைத் தவிர யாராலும் அதைச் செய்ய முடியாது என்றார்கள். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார், தொடர் நடந்தது.

நடிகர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பழக்கம் ஓர் உண்மையைச் சொல்கிறது. தொடரில் நிலையாக இருப்பது ஆள் அல்ல, ஆளுக்குரிய இடம். ஹாலில் அந்த நாற்காலி இருக்கும்வரை அதில் யார் உட்கார்ந்தாலும் குணசேகரன்தான். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. ஊர்ப் பெரியவர் செத்தால் மகன் உட்காருவார். திருவிழாவில் முதல் மரியாதை அவருக்குப் போகும். தோட்டத்தில் வேலை செய்பவர் செத்தாலும் அவர் மகன்தான் வந்து நிற்பார், வேலைக்கு. சாதி என்பதும் இப்படி ஆள் மாறினாலும் இடம் மாறாத ஏற்பாடுதானே?

அதனால் நடிப்பவர் எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை. கதை எந்தச் சாதி வீட்டில் நடக்கிறது என்று கேட்கிறேன்.

'சீரியலில் சாதியே பேசுவதில்லை, நல்லதுதானே' என்பார்கள். வாயால் பேசுவதில்லை, கண்ணுக்குக் காட்டுகிறார்கள். பெரிய வீடு, பூஜையறை, குலதெய்வக் கோயிலில் பரிவட்டம், பஞ்சாயத்தில் எல்லோரும் எழுந்து நிற்கும் அப்பா, 'நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு' என்ற வசனம். இவை எந்தத் தெருவின் அடையாளங்கள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே வீட்டில் காபி கொண்டுவரும் பெண்ணுக்குப் பெயர் உண்டு, வீடு கிடையாது. அவருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று ஆயிரம் எபிசோடிலும் தெரியவராது. கதாநாயகி மாறினால் அறிவிப்பு வருகிறது. வேலைக்காரப் பெண் மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று வந்து நான் பார்த்ததில்லை.

'பாரதி கண்ணம்மா' கறுப்பாக இருப்பதற்காக மாமியாரால் வெறுக்கப்படும் பெண்ணின் கதை. முதலில் ரோஷினி ஹரிப்பிரியன், பிறகு வினுஷா தேவி கண்ணம்மாவாக நடித்தார்கள். நிற வெறுப்பைப் பேச முன்வந்ததற்காகப் பாராட்டலாம். ஆனால் நம் ஊரில் 'கறுப்பு' என்ற வசவு தோலோடு நிற்பதில்லை. 'பார்த்தா அந்தத் தெருப் பொண்ணு மாதிரி இருக்கா' என்பதுதான் அதன் மீதிப் பாதி. அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டால் மாமியாரின் வெறுப்பு ஒரு தனி மனுஷியின் கெட்ட குணமாகச் சுருங்கிவிடுகிறது. அவர் திருந்தினால் கதை முடிந்தது.

காதலும் இப்படித்தான். காதலை எதிர்க்கும் அப்பா இல்லாத தொடர் அரிது. எதிர்ப்பதற்குக் காரணமாகப் பணத்தைச் சொல்வார்கள், பழைய பகையைச் சொல்வார்கள். ஆனால் எங்கள் மாவட்டத்தின் பழனியைச் சேர்ந்த கௌசல்யா, தலித் இளைஞரான சங்கரை 2015இல் மணந்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவையும் வெட்டினார்கள். அவர் பிழைத்தார், நீதிமன்றத்தில் பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். மாமியார், மருமகள், குடும்ப கௌரவம் என்று கால் நூற்றாண்டாக நெடுந்தொடர் எடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய குடும்பக் கதை உண்டா? அவர்கள் இதைத் தொடுவதில்லை. தொட்டால் அந்த அப்பாவின் கோபத்துக்குச் சாதிப் பெயர் சொல்ல வேண்டிவரும்.

இந்தத் தொடர்களை யார் பார்க்கிறார்கள்? வேடசந்தூர், வடமதுரை பக்கத்து நூற்பாலைகளுக்கும் ஆடை ஆலைகளுக்கும் மில் வண்டியில் போய்வரும் பெண்களும் பார்க்கிறார்கள். அவர்களில் தலித் பெண்கள் ஏராளம். ஷிப்ட் முடிந்து வந்து, உலை வைத்துவிட்டு, அடுத்தவர் வீட்டுப் பூஜையறைச் சண்டையைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கென்று கதை இல்லாமலா? 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்தின் ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டது. எச் அண்ட் எம் போன்ற உலக நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. ஆலைக்குள் பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் தடுக்கும் அந்த ஏற்பாட்டை உலகம் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே அழைக்கிறது. தொடர்களில் கதாநாயகிகள் கம்பெனிக்கு எம்.டி. ஆகிறார்கள். சங்கம் வைத்து ஜெயித்த ஒரு கதாநாயகியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

'ஜனங்கள் ஏற்கமாட்டார்கள், டி.ஆர்.பி. விழும்' என்ற பதில் தயாராக இருக்கும். மூன்று முல்லைகளை ஏற்ற ஜனங்கள்தானே இவர்கள்? பிரிட்டனில் பி.பி.சி. 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரில் நாயகனே வேறு உடலுக்கு மாறுவதாகக் கதை. 1966 முதல் நடிகர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள், ஆனால் வெள்ளை ஆண்களாகவே மாறினார்கள். 2017இல்தான் ஜோடி விட்டேக்கர் என்ற பெண் அந்த இடத்துக்கு வந்தார். 2023இல் ருவாண்டாவில் பிறந்த கறுப்பினத்தவரான ஷூட்டி கட்வா வந்தார். வசவுகளும் வந்தன. மாற்றத்துக்கு அரை நூற்றாண்டு ஆனது, ஆனாலும் மாறியது. அவ்வளவு தூரம் போவானேன்? 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தது, 'கர்ணன்' 2021இல் வந்தது. தியேட்டரில் டிக்கெட் எடுத்துப் பார்த்த அதே மக்கள்தான் வீட்டில் டி.வி. பார்க்கிறார்கள். சினிமாவில் கதை நடக்கும் வீடு மாறிவிட்டது. சின்னத்திரையில் இன்னும் மாறவில்லை.

கேட்பது சலுகை அல்ல. காலனி வீடு ஒன்று தொடரின் மைய வீடாக வரட்டும். அங்கேயும் மாமியார் மருமகள் சண்டை இருக்கட்டும், காதுகுத்து இருக்கட்டும், சீட்டுப் பணம் கட்ட முடியாத கவலை இருக்கட்டும். காதலை எதிர்க்கும் அப்பா எதற்காக எதிர்க்கிறார் என்று வசனத்தில் வரட்டும். காபி கொண்டுவரும் பெண் ஒருநாள் அந்த சோபாவில் உட்காரட்டும், அதற்கு வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று கேமரா காட்டட்டும். இதை எழுதத் தெரிந்தவர்கள் சேரியிலிருந்து வந்து உதவி இயக்குநர்களாகவும் வசனம் எழுதுபவர்களாகவும் இருக்கிறார்கள். கதை முடிவாகும் அறையில் அவர்களுக்கு நாற்காலி கொடுங்கள்.

ஆளை மாற்றுவதில் தமிழ்த் தொடர்களை மிஞ்ச ஆளில்லை. இனிமேல் மாற்ற வேண்டியது வீட்டை.