படத்துக்கு மாலை, பாடத்துக்குப் பூட்டு

செப்டம்பர் 5 வந்துவிட்டால் நம் பள்ளிக்கூடங்களில் ஒரு படத்துக்கு மாலை விழுகிறது. 1962 முதல் தவறாமல் நடந்து வரும் வைபவம். தலைப்பாகை கட்டிய அந்தப் பெரியவர் யார் என்றால் சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அவர் கல்லூரியில் என்ன படித்தார் என்று கேட்டுப் பாருங்கள். மாலை போட்டவரே விழிப்பார். தத்துவம் படித்தார், ஐயா! அதையும் பாதிரிமார் நடத்திய சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தார்.

இன்று ஒரு பிள்ளை அதே கல்லூரியில் அதே பாடத்தைப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லட்டும். "தத்துவம் சோறு போடுமா?" என்பது முதல் கேள்வி. "மதம் மாற்றிவிட்டால்?" என்பது இரண்டாவது. இந்த இரண்டு கேள்விகளோடும் எனக்குச் சண்டை உண்டு.

அயனம்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. அவருடைய மகள் பிளஸ் டூ தேறிவிட்டுத் தாம்பரம் போய்த் தத்துவம் படிக்கிறேன் என்கிறாள். "நீங்க எழுதறவங்க சார், நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று அவர் என்னிடம் வந்தார். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்ல இருப்பதெல்லாம் அவருக்கும் அவரைப் போன்ற ஆயிரம் தகப்பன்மாருக்கும்தான்.

முதலில் சோற்றுக் கேள்வி. தத்துவம் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். திருத்தணியிலிருந்து வந்த ராதாகிருஷ்ணன் அதை எடுத்ததற்குக் காரணம் ஞானதாகமல்ல, கைமுடைதான். புத்தகம் வாங்க வசதியில்லை. படிப்பை முடித்த உறவுக்காரப் பையன் ஒருவன் தர்க்கம், உளவியல், அறவியல் என்று தன் பழைய புத்தகங்களைக் கொடுத்தான். கிடைத்த புத்தகத்துக்கு ஏற்ற பாடம் என்று சேர்ந்தார். 1909இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார்.

எல்லாரும் ராதாகிருஷ்ணன் ஆகிவிட முடியுமா என்பீர்கள். முடியாதுதான். தத்துவம் படித்தால் வேலை நிச்சயம் என்று நான் சத்தியம் செய்யவும் மாட்டேன். ஆனால் எந்தப் படிப்புக்கு அப்படிச் சத்தியம் செய்ய முடியும்? கடன் வாங்கிப் பொறியியல் படித்த பிள்ளை சோற்றுப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறப்பதை நம் தெருவிலேயே பார்க்கவில்லையா? பட்டதாரிக்குரிய தேர்வாணையப் பரீட்சைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தத்துவப் பட்டமும் பட்டம்தான். மூன்று வருஷச் சட்டப் படிப்புக்கும் அது போதும். ஐ.ஏ.எஸ். பரீட்சையில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். வழி அடைத்துக் கிடக்கவில்லை. நம் பயம்தான் குறுக்கே நிற்கிறது.

இனி மதம். இந்தப் பயத்தைப் பொய்ப் பயம் என்று நான் தள்ளமாட்டேன். 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு இந்தக் கல்லூரியாக வளர்ந்தது. 1841இல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் மற்றப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக நிறுத்திக்கொண்டார்கள். பிறகு வந்த வில்லியம் மில்லர் ஆள் பிடிப்பதைவிட மனத்தைப் பண்படுத்துவதே கல்லூரியின் காரியம் என்றார். அதற்காகத் தம் சபையினரிடமே வசை வாங்கினார்.

அந்தக் கல்லூரியில் ராதாகிருஷ்ணனுக்கு என்ன நேர்ந்தது? அங்கே இந்து சமயத்தைக் குறை கூறினார்கள். அந்தக் குறை அவரைச் சுட்டது. அவர் மதம் மாறவில்லை, ஓடிப்போகவும் இல்லை. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இருபது வயதில் ஆய்வுரை எழுதிப் பதில் சொன்னார். 1908இல் அது புத்தகமாகவும் வந்தது. பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் மனம் நோவாரோ என்று அவர் அஞ்சினார். ஹாக் நோகவில்லை, பாராட்டினார். தன்னை மறுத்த மாணவனை மெச்சிய வாத்தியார்! அந்தக் குறைகளைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் பிறந்திருக்குமா?

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்க்காரர் இராமாநுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார்; கேட்டு, மறுத்து, எழுந்தார். மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியையும் தேடிப் போய் அவரவர் கொள்கையைக் கேட்டாள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கத்தை வைத்தார். எதிராளி சொல்வதை எடுத்துச் சொல்லாமல் தன் சித்தாந்தத்தை நாட்ட அவர் துணியவில்லை. இந்தப் பரம்பரையில் வந்துவிட்டு, அடுத்தவன் சொல் காதில் விழுந்தாலே நம் சமயம் கரைந்துவிடும் என்று நடுங்குகிறோமே, இது பக்தியா, அவநம்பிக்கையா?

பாதிரிமார் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துப் பூந்தமல்லியில் கத்தோலிக்கக் குருமடம் இருக்கிறது. குருவாகப் போகிறவன் குறைந்தது இரண்டு முழு வருஷம் தத்துவம் படித்தாக வேண்டும் என்பது அவர்கள் திருச்சபைச் சட்டம். நம்பிக்கையும் கேள்வியைக் கடந்துதான் வர வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அப்படியிருக்க, கிறிஸ்துவக் கல்லூரி எதுவானாலும் ஆள் சேரவில்லை, வருமானமில்லை என்று தத்துவ வகுப்பைத் தேய விடுமானால், மில்லரின் பெயரைச் சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை இல்லை. ஹாக்கைப் போல மறுப்பைக் கேட்டு மகிழும் வாத்தியார் இல்லாவிட்டால் அந்த வகுப்பு இருந்தும் பயனில்லை.

தகப்பன்மாரே, உங்கள் மகள் மூன்று வருஷம் தர்க்கம் படித்தால் ஒரு ஆபத்து நிச்சயமாக உண்டு. வீட்டுக்கு வந்து "ஏன்?" என்று கேட்பாள். சாமியைப் பற்றிக் கேட்பாள். சாதியைப் பற்றிக் கேட்பாள். சீர்வரிசையைப் பற்றியும் கேட்பாள். சோறும் மதமும் சாக்குகள். நாம் உண்மையில் அஞ்சுவது இந்தக் கேள்விக்குத்தான். பதில் தெரிந்தவன் அஞ்ச வேண்டியதில்லை. தெரியாதவனுக்கு அவள் படித்து வந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். போட மனமில்லையென்றால் வருகிற செப்டம்பர் 5ஆம் தேதி அந்தப் படத்துக்கு மாலையும் வேண்டாம்.