வாத்து வராததற்கு நரிக்குறவர் காரணமல்ல

ஐப்பசி மழையில் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் ஏறியதும் ஒரு பேச்சு கிளம்பும். "அந்தக் காலத்துல கூட்டம் கூட்டமா வாத்து வரும் சார். நரிக்குறவங்க சுட்டுச் சுட்டே காலி பண்ணிட்டாங்க." டீக்கடையில் மட்டுமல்ல, ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போகும் படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இது பொய். எளியவர் தலையில் பழியைக் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளும் பொய்.

நரிக்குறவர்கள் வேட்டையாடியவர்கள்தான். எதைக் கொண்டு? நாட்டுத் துப்பாக்கியின் குழல் வாயில் மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்துக் கெட்டித்து, ரவையைப் போட்டு, மறுபடி அடைக்க வேண்டும். ஒரு வெடி கேட்டதும் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அடுத்த வெடிக்கு மருந்து கெட்டிப்பதற்குள் தண்ணீர் மேல் ஒரு பறவை இருக்காது.

இதை ஒரு துரைமார் வேட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1938 நவம்பர் 12 அன்று இன்றைய ராஜஸ்தானின் பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோவும் அவருடைய விருந்தாளிகளும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அந்தக் கணக்கு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பரத்பூருக்கு வாத்துகள் வந்தன. சதுப்பு நிலம் அழியாமல் இருந்ததால் வந்தன.

நம் பக்கம் அழிந்தது அதுதான். வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மூன்றுமே பொதுவாக முக்குளித்து இரை தேடுபவை அல்ல. நீர்ப்பரப்பிலோ, தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கிக் கழுத்து எட்டும் ஆழத்திலோதான் மேயும். ஒன்றரை அடித் தண்ணீர் அவற்றுக்குப் போதும். பகலில் ஏரி நடுவே ஓய்வு, இருட்டியதும் வயலில் மேய்ச்சல் என்பது ஊசிவால் வாத்து, நீலச்சிறகி இரண்டின் பழக்கம். ஏரி படுக்கையறை என்றால் நெல்வயல் சமையலறை. பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் அந்த வயல்களை மனை போட்டு விற்றது யார்? கரைக்கு எதிர்ப்புறம், தண்ணீர் மெலிந்து பரவும் நீர்ப்பிடிப்பில் மண் கொட்டி வீடு கட்டியது யார்? முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் பெயரே 'ஏரித் திட்டம்'. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இதில் எதையும் பாசிமணி விற்கிறவர் செய்யவில்லை.

காலக்கணக்கும் இந்தப் பழியோடு பொருந்தவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். 1991-ல் வந்த திருத்தம் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களுக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. பெரும்பாலான நரிக்குறவர்கள் துப்பாக்கியை விட்டு ஊசிமணி, பாசிமணிக்கு மாறினார்கள். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த இதே ஐம்பது ஆண்டுகளில்தான் நம் ஏரிகள் சுருங்கின. வேட்டை குறைந்தும் வாத்து பெருகவில்லையே, ஏன் என்று பழி சொல்பவர்கள் யோசிக்க வேண்டாமா?

திருட்டுத்தனமாகக் கண்ணி வைப்பவர்கள் இன்றும் உண்டு. அது குற்றம், தண்டிக்கப்பட வேண்டியது. ஆனால் பிடிபடுபவரின் படம் மட்டுமே செய்தியில் வருகிறது. காட்டு வாத்துக் கறி உடம்புக்கு நல்லது என்று நம்பி, காரை ஓரங்கட்டிக் காசு நீட்டுபவரின் படத்தை எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை. அந்தக் கறிக்கு மருத்துவ குணம் எதுவும் கிடையாது.

2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்குப் போய்ச் சாப்பிட்டதை எல்லோரும் கைதட்டிப் பார்த்தோம். அந்த டிசம்பரில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பட்டியலில் இடம் கொடுத்த நாம் பழியை மட்டும் திரும்பப் பெறவில்லை.

உங்கள் ஏரியின் நீர்ப்பிடிப்பில் மண் லாரி நின்றால் படம் எடுங்கள். தாசில்தாரிடமும் நீர்வளத்துறையிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். தெருவில் ஊசிமணி விற்க வருபவரைப் பார்த்து, "எல்லா வாத்தையும் நீங்கதானே தின்னீங்க" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.