பட்டாவில் யார் பேர்?

1/ "நாட்டுக்காகக் குடும்பத்தையே மறந்தவர்." தியாகி ஒருத்தர் மறைந்தால் அஞ்சலிக் கூட்டத்தில் இந்த வரி கட்டாயம் வந்துடும். எனக்கு இதில் உடன்பாடே இல்லைங்க. ஏன்னு சொல்றேன்.

2/ சங்கரலிங்கம் ஜெகந்நாதன். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றவர். சுதந்திர நாட்டில்தான் கல்யாணம்னு காத்திருந்து, 1950-ல் கிருஷ்ணம்மாளை மணந்தார். இவர் வசதியான வீட்டுப் பிள்ளை. அந்தம்மா நிலமில்லாத தலித் குடும்பம்.

3/ கல்யாணமான கையோடு இவர் வினோபாவின் பூதான நடைப்பயணத்துக்குப் போனார். அந்தம்மா சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். மனைவியின் படிப்பு நிற்கலை, கவனிச்சீங்களா? மகனும் மகளும் பின்னாளில் டாக்டர் ஆனாங்க.

4/ 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட ஊரில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டாங்க. அதுக்கப்புறம் இரண்டு பேருமே நம்ம கீழத்தஞ்சைக்கு வந்துட்டாங்க. பக்கத்து வலிவலத்தில் கோயில் நிலத்துக்காக சத்தியாகிரகம் நடந்தது.

5/ 1981-ல் 'லாஃப்டி' தொடங்கினாங்க. நில உடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, நிலமில்லாத தலித் குடும்பத்துக்கு ஆளுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர். இப்படி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். பத்திரம் யார் பேரில் தெரியுமா? வீட்டுப் பெண் பேரில்.

6/ இதில் என்ன பெருசுன்னு கேக்குறீங்களா? திருத்துறைப்பூண்டியில் என் கிளினிக்குக்கு வாங்க. "ஸ்கேன் எடுக்கணும்மா"ன்னு சொன்னா, "வீட்ல கேட்டுட்டு வர்றேன் டாக்டர்"னு கிளம்புவாங்க. சிலர் மாசம் கழிச்சு, கட்டி பெருசானதும் வருவாங்க. சிலர் வர்றதே இல்லை. தன் பேரில் காணி நிலமோ வீடோ இருக்கிற அம்மா, "எழுதுங்க, எடுத்துடலாம்"னு சொல்லிடுவாங்க. ஆய்வு முடிவுன்னு சொல்லலை, நான் தினம் பார்க்கிறது.

7/ எண்பதை ஒட்டிய வயசில் அவர் சும்மா உட்காரலை. கடலோர இறால் பண்ணைகள் வயலையும் குடிதண்ணியையும் உப்பாக்குதுன்னு உச்ச நீதிமன்றம் போனார். கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருக்கிற இறால் குட்டைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு எழுதினதோட எல்லாம் சரியாகிடலை. ஆனா சட்டம் நம்ம பக்கம்னு சொல்ல ஒரு பிடி கிடைத்தது.

8/ 2008-ல் 'மாற்று நோபல்' எனப்படும் விருது கணவன், மனைவி, லாஃப்டி எல்லாருக்கும் சேர்த்தே வந்தது. 2013 பிப்ரவரி 12-ல், நூறை நெருங்கிய வயதில் அவர் காலமானார். கிருஷ்ணம்மாள் வேலையை நிறுத்தலை. குடும்பத்தை மறந்த மனுஷனா இவர்? ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் தன் குடும்பமா நினைச்சவர்.

9/ அப்பா, தாத்தா நினைவு நாளுக்குப் படத்துக்கு மாலை போடுறோம், படையல் வைக்கிறோம். நல்லது. இந்த வருஷம் அதோட பீரோவைத் திறந்து பட்டாவையும் ஒருதடவை பாருங்க. அதில் அம்மா பேர் இருக்கா? இல்லைன்னா, அடுத்த வேலை அதுதான்.