நிகாபும் முகக்கவசமும் ஒன்றுதானா?



2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு கொட்டிய மழையில் மகாவலி பெருகி நமது கம்பளைக்குள் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. மாவட்டங்களில் அதிக உயிர்களை இழந்தது நமது கண்டி மாவட்டம்தான். வெள்ளம் வடிந்ததும் வீடுகளில் மிஞ்சியது சேறு. வெளியூர்களிலிருந்து தொண்டர்கள் வந்து மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால், அவர்கள் போன பிறகு அலுமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்குக் கீழேயும் நாட்கணக்கில் துடைத்தெடுத்தவர்கள் நீங்கள்தான்.

அந்த நாட்களில் எங்கள் மாணவர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரது உம்மா காய்ந்துபோன சேற்றைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார். வீடெங்கும் புகைபோலத் தூசி. "தங்கச்சி, மாஸ்க் ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன். "நான்தான் நிகாப் போட்டிருக்கிறேனே மௌலவி, அது போதாதா?" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மார்க்கக் கேள்வி என்றால் கிதாபைப் புரட்டியிருப்பேன். இதற்கு வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் படித்தும்தான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நிகாபின் நோக்கம் வேறு. அதன் துணி மெல்லியது, கீழ்ப்பக்கம் திறந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது காற்று தடையில்லாத வழியைத் தேடும். கீழிருந்து தூசியோடு ஏறிவிடும். சால்வையையோ முந்தானையையோ வாயில் கட்டிக்கொள்வதும் ஏறக்குறைய இதே கதைதான். தெறிக்கும் சேற்றுத் துளியை அது தடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத தூளைத் தடுக்காது.

சரி, கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய நீல நிற மாஸ்க் பல வீடுகளில் இருக்கிறதே, அது? அதுவும் இந்த வேலைக்கு உரியதல்ல. சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரின் வாயிலிருந்து தெறிக்கும் எச்சில் நோயாளியின் காயத்தில் விழாமலிருக்கவும், நோயாளியின் இரத்தம் வைத்தியரின் வாயில் தெறிக்காமலிருக்கவும் ஏற்பட்டது அது. தும்மும்போது நபி (ஸல்) அவர்கள் கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வார்கள் என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். நீல மாஸ்க்கும் முக்கியமாக அந்த வகைப் பாதுகாப்புத்தான்: என்னிடமிருந்து பிறருக்குப் போவதைக் குறைப்பது. கன்னத்தின் இரு பக்கமும் இடைவெளி இருப்பதால், வெளியிலிருந்து எனக்கு வருவதை அது முழுதாகத் தடுக்காது.

(இடையில் ஒன்று. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, அவசரகாலச் சட்டத்தின் கீழ், முகத்தை மூடக் கூடாது என்றார்கள். 2020 ஒக்டோபரில், பொது இடத்தில் முகக்கவசம் அணியாதவருக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று வர்த்தமானி வந்தது. இடையில் ஒன்றரை வருடம்! இதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.)

மூச்சை உள்ளே இழுப்பவரைக் காக்கும் கவசத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் பரவியது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் பினாங்கில் பிறந்த வூ லியென் தே என்ற இளம் வைத்தியர். நோய் காற்று வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று சொல்லி, பஞ்சையும் வலைத்துணியையும் அடுக்கி முகத்தில் இறுகக் கட்டும் கவசம் ஒன்றை அவர் செய்தார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு வைத்தியர் இந்த இளைஞரின் பேச்சை மதிக்கவில்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அதே நோயால் இறந்துபோனார்.

இன்று அந்த இடத்தில் இருப்பது என்95. பெயரிலுள்ள 95, வடிகட்டக் கடினமான மிக நுண்ணிய தூளிலும் நூற்றுக்குக் குறைந்தது 95 பங்கை அது பிடிக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். அந்தத் தூளின் அளவு 0.3 மைக்ரோன், தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு. பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரிவிட்டுக் கடதாசித் துண்டுகளுக்குப் பக்கத்தில் பிடித்தால் ஒட்டிக்கொள்ளுமே, அதே மின்னேற்றம் இதன் இழைகளிலும் இருக்கிறது. தூள் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே, சிக்கனம் பார்த்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடாதீர்கள். கழுவினால் அந்தச் சக்தி போய்விடும். ஐரோப்பாவின் எஃப்எஃப்பி2, சீனாவின் கேஎன்95 என்பனவும் இதே வகைதான்.

ஆனால், எவ்வளவு நல்ல வடியாக இருந்தாலும் ஓரத்தில் ஓட்டை இருந்தால் பயனில்லை. அணிந்ததும் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள். மூக்கோரத்தில் காற்று கசிந்தால் கம்பியை அழுத்துங்கள். கண்ணாடி அணிபவருக்குக் கண்ணாடியில் ஆவி படிவதே கசிவின் அடையாளம். என்95இன் பட்டிகள் பெரும்பாலும் தலையைச் சுற்றிப் போவன. ஹிஜாபுக்கு மேலே மாட்டினால் வழுக்கிக் கீழே இறங்கும். துணி இடையில் புகுந்தாலும் கசியும். முதலில் கவசம், அதன் மேல் ஹிஜாப், நிகாப் அணிபவரானால் அதற்கும் மேலே நிகாப். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இந்த விடயத்தில் உங்களுக்கு எங்களைவிட வசதி அதிகம். தாடிக்கு மேல் என்95 இறுகாது. நான் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சேற்று வீட்டில் நின்றேன். இரவில் மூக்கைச் சிந்தினால் மண். என் மனைவியின் மூக்கில் எதுவுமில்லை.

எல்லாவற்றையும் விட மலிவான வழி ஒன்றும் உண்டு. காய்ந்த சேற்றைக் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு வழித்தெடுங்கள். நனைந்த தூசி பறக்காது. பூஞ்சணம் பிடித்த சுவரையும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், அதுவும் என்95 அணிந்துகொண்டு. முட்டு வருத்தம் உள்ளவர்கள் அந்த அறைக்கே போகாமலிருப்பது நல்லது. பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிடுங்கள். பெரியவர்களின் கவசம் அவர்களது சிறிய முகத்தில் இறுகாது.

இனி, நான் மிகவும் பயப்படும் விடயம். என்95 தூளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கிணற்றுக்கும் தரைக்கும் போடும் குளோரின் தூளோடு, கழிவறை கழுவும் அமிலத் திரவத்தை, 'இன்னும் நன்றாகச் சுத்தமாகட்டும்' என்று சிலர் சேர்த்துவிடுகிறார்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும். வாயுவைத் தடுக்கக் கரி நிரப்பிய டப்பா பொருத்திய ரப்பர் கவசம் என்று ஒன்று உண்டு. பெயின்ட் அடிப்பவர்களிடம் பார்த்திருப்பீர்கள். அது வீட்டுக்காரியம் அல்ல. இரண்டையும் கலக்காமலிருப்பதும் ஜன்னலைத் திறந்துவைப்பதுமே நமக்குரிய பாதுகாப்பு. மின்சாரம் இல்லையென்று வீட்டுக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்டால் வரும் புகைக்கு அந்த ரப்பர் கவசமும் உதவாது. அந்த நச்சு வாயுவுக்கு மணமே இல்லை.

எலிக்காய்ச்சலுக்கும் மாஸ்க் மட்டும் போதாது. அது பெரும்பாலும் காலிலுள்ள வெடிப்பு வழியாகத்தான் ஏறும். பூட்ஸும் கையுறையும் வேண்டும். தடுப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்தத் தாய்க்கு இவற்றையெல்லாம் எழுதி மகனிடம் கொடுத்தனுப்பினேன். வெள்ளத்தில் ஊறிப் பூஞ்சணம் பிடித்த மெத்தையை எந்தக் கவசம் போட்டுத் துடைத்தாலும் பயனில்லை, வெளியே போட்டுவிடுங்கள் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு அவரது கணவர் என்னைத் தேடி வந்தார். "தரையை நனைத்துத்தான் துடைக்கிறோம் ஹஸ்ரத், மாஸ்க்கும் வாங்கிக் கொடுத்தேன். மெத்தையைத்தான் விடமாட்டேன் என்று இரண்டு நாள் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அவருடைய வாப்பா தந்தது. நேற்றுத்தான் இருவருமாகத் தூக்கி வீதியோரத்தில் வைத்தோம்" என்றார்.