தனித்தனிச் சோதனை போதுமா?

2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்து எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையினின்று ஸ்டைரீன் ஆவி வெளிப்பட்டு 12 பேர் மாண்டனர். தொட்டியின் உஷ்ணமானி அடிப்பகுதியில் மட்டுமே இருந்ததென்றும், அபாயச் சங்கு ஒலிக்கப்படவில்லையென்றும் ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு கண்டது. ஸ்டைரீன் பலபடியாகுங்கால் வெப்பம் பிறக்கும். சூடேறிய திரவம் மேலே தங்கும். கீழிருந்த கருவி பொய்யுரைக்கவில்லை. மேலே நிகழ்ந்ததை அது அறியவில்லை, அவ்வளவே. அதனைக் கழற்றித் தனியே சோதித்திருப்பினும் தேறியே இருக்கும்!

ஆதலின் கருவிப் பகுதியினர் உஷ்ணமானியையும், மின் பகுதியினர் சங்கையும், உற்பத்திப் பகுதியினர் குளிரூட்டியையும் வெவ்வேறு நாளில் பார்த்துக் கையொப்பமிடுவது போதாதென்பது எம் கருத்து. உஷ்ணம் ஏறுவதாகப் பாவித்து, கருவி முதல் சங்கு வரை மூவரும் ஒருங்கே கூடிச் சோதித்தல் வேண்டும். கருவி பொருத்திய இடம் தக்கதுதானா என்னும் வினாவும் அப்பொழுதன்றோ எழும்?

ஆலை ஓடாத நாளில் இஃது எதற்கு என்பாரும் உளர். விசாகப்பட்டினத்து ஆலையும் ஊரடங்கினால் நின்றேயிருந்தது. சரக்கோ தொட்டியிலேயே இருந்தது.